துணி காட்டிய படகு

இந்தக் கதையில் எனக்குப் பல வருடமாகவே சந்தேகம் உண்டு சார். சொல்வதை மட்டும் நிறுத்தியதில்லை.

ஏசியைக் கொஞ்சம் குறைக்கட்டுமா? பின்னால் அம்மா தூங்குகிறார்கள். சரி, மெதுவாகவே சொல்கிறேன். ஒரு மீனவக் கிராமத்தைப் பார்க்க வேண்டும் என்றீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். கோயில் பார்த்து, கோட்டை பார்த்து, கடைசியில் கடல். கடல் மட்டும் போதாது, அதில் போகிற மனிதர்களையும் பார்க்க வேண்டும். நான் நொச்சிமேட்டுக்குத்தான் அழைத்துப் போவேன். டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிற நடனம் என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். முழுப்பெயர் நடனசிகாமணி. அதைச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் பொறுமை கிடையாது.

அங்கே அஞ்சப்பன் என்று ஒருவன் இருக்கிறான். உங்களைப் படகில் ஏற்றிக் கொஞ்ச தூரம் கொண்டுபோய்க் காட்டுவான். அவன் அக்கா செங்கமலம் மீன் வறுத்துக் கொடுப்பாள். சாப்பிட்டு முடித்ததும், மணலில் பாதியாகக் கிடக்கிற ஒரு படகுக்குப் பக்கத்தில் உங்களை நிறுத்தி இந்தக் கதையைச் சொல்வான். அது அவளுடைய புருஷன் செத்த படகு. முன்பாதியை வண்டியிலேயே நான் சொல்லிவிடுவேன், பின்பாதி அவனுடையது. இத்தனை வருடமும் அப்படித்தான்.

இன்றைக்கு முழுவதையும் நானே சொல்லிவிடுகிறேன். ஏன் என்று கடைசியில் உங்களுக்கே புரியும்.

நொச்சிமேடும் தாழைக்குப்பமும் அடுத்தடுத்த ஊர். நடுவில் ஒரு முகத்துவாரம், கோடையில் நடந்தே தாண்டலாம். ஒரே சாதி. இங்கே பெண் எடுப்பார்கள், அங்கே பெண் கொடுப்பார்கள். அப்புறம் சுருக்குமடி வந்தது. பெரிய வலை சார். மீன்கூட்டத்தை வளைத்துப் போட்டு அடிக்கயிற்றை இழுத்தால், சுருக்குப்பை மாதிரி வாய் மூடிக்கொள்ளும். குஞ்சுகூடத் தப்பாது. தாழைக்குப்பம் அதை வாங்கியது. நொச்சிமேடு கூடாது என்றது. இரண்டு ஊர்ப் பஞ்சாயத்தாரும் உட்கார்ந்து பேசினார்கள், பேச்சு முறிந்தது. அதற்கப்புறம் கடலில் பார்த்தால் வலையை அறுப்பது, படகைப் பிடித்து வைத்துக்கொள்வது. ஒருவனுக்குக் கண் போனது. ஒருவனை அவன் படகிலேயே கட்டி வெயிலில் விட்டுவிட்டுப் போனார்கள். கரைக்கு வந்தபோது முதுகுத்தோல் சட்டையோடு உரிந்து வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் காலையில் தனவேலும் அஞ்சப்பனும் கடலுக்குப் போனார்கள். செங்கமலத்தின் புருஷன்தான் தனவேல். அஞ்சப்பன் அவனை மாமா என்றுதான் கூப்பிடுவான்.

"எஞ்சின் நின்னுபோச்சு சார். நீரோட்டம் வடக்கால இழுக்குது. மாமா சொன்னாரு, துணி காட்டுடான்னு. காட்டினோம்."

காட்டினோம் என்று சொல்லும்போது அஞ்சப்பன் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துத் தலைக்கு மேல் வேகமாகச் சுற்றுவான். இப்படி. பயப்படாதீர்கள், ஒரு கையில் வண்டி ஓட்டுவது எனக்குப் பழக்கம்தான். அந்தத் துண்டு காற்றில் படபடக்கும். அந்த இடத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

ஏன் என்றால், கடலில் துணி காட்டினால் எவனாக இருந்தாலும் வந்தாக வேண்டும். அது அவர்களுடைய சட்டம். அப்பனைக் கொன்றவனாக இருந்தாலும் போய்க் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வர வேண்டும். "கரைக்குக் கொண்டாந்து அப்பறமா வெட்டிக்கலாம் சார். ஆனா கொண்டாரணும்" என்பான் அஞ்சப்பன். சிரிக்காமல் சொல்வான்.

தாழைக்குப்பத்துக் கலியன் வந்தான். கயிறு கொண்டுவரவில்லை. எஞ்சினை முழுசாகத் திருகிக்கொண்டு வந்து நடுப்படகில் மோதினான். ஃபைபர் படகு, பிளந்துகொண்டது. அஞ்சப்பன் அந்தப் பக்கம் விழுந்தான், தனவேல் இந்தப் பக்கம். தனவேலின் கை உடைந்த படகின் விளிம்பைப் பிடித்திருந்தது. கலியன் துடுப்பை எடுத்து முதலில் விரல்களில் அடித்தான். விரல் நசுங்கியும் கை விடவில்லை. இன்னொரு கையை ஊன்றி ஏறப் பார்த்தான் தனவேல். அப்புறம் தலையில். ஒரு அடி. இன்னும் ஒரு அடி. அவன் முகம் தண்ணீருக்குள் போன பிறகும் கலியன் தண்ணீரையே அடித்துக்கொண்டிருந்தானாம்.

"சினிமால காட்டுற மாதிரி தண்ணி செவக்காது சார். பழுப்பாத்தான் ஆவும்" என்பான் அஞ்சப்பன்.

அந்த வரி முதலில் நான் சொன்னது என்றுதான் எனக்கு ஞாபகம். வண்டியில் யாருக்கோ சொன்னேன். அப்புறம் ஒரு நாள் அஞ்சப்பன் சொன்னான். இல்லை, அவன் சொல்லி நான் பிடித்துக்கொண்டேனோ? இப்போது தெரியவில்லை. யார் சொன்னால் என்ன, நல்ல வரி. நானாக எதையும் சேர்த்துச் சொல்கிறவன் இல்லை.

அஞ்சப்பன் நீந்திக் கரை சேர்ந்தான். பிணம் அவனுக்குப் பின்னால் ஒதுங்கியது. துணி காட்டினவனை அடித்துக் கொன்றான் என்று அவன் சொன்ன நிமிஷத்தில் ஊரே எழுந்தது. வெறும் கொலை என்றால் போலீசுக்குப் போயிருப்பார்கள் சார். இது துணி காட்டினவனைக் கொன்ற கொலை.

அதற்கப்புறம் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அன்றைக்குப் புனேயிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைத் தாழைக்குப்பத்துக் கடற்கரைக்கு அழைத்துப் போயிருந்தேன். முகத்துவாரத்தைத் தாண்டி ஆட்கள் வந்தார்கள். கையில் துடுப்பு, இரும்புக்கம்பி, மீன் வெட்டுகிற கத்தி. பெண்கள் மண்ணெண்ணெய்க் கேன்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதலில் படகுகளைக் கொளுத்தினார்கள். ஃபைபர் எரிந்தால் கரும்புகை, மூச்சு விட முடியாது. அப்புறம் வீடுகள். வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவரை, அவர் எழுந்திருப்பதற்குள், அந்த வலையிலேயே உருட்டிக் கட்டிக் கம்பியால் அடித்தார்கள். வலைக்குள் கிடந்து அவர் ஒவ்வொருத்தர் பெயராகச் சொல்லிக் கும்பிட்டார். எல்லோரும் அவருக்குத் தெரிந்தவர்கள்தானே. பெயர் சொல்லச் சொல்லத்தான் அடி அதிகமானது.

கலியனின் அப்பா நடக்க முடியாதவர், கட்டிலில் கிடப்பவர். அந்த வீட்டுக்கும் தீ வைத்தார்கள்.

கலியனின் மனைவி பூரணி என் வண்டிக் கண்ணாடியைத் தட்டினாள். "அண்ணே, அண்ணே, ஒரு கை பிடிங்கண்ணே, மாமாவத் தூக்கணும்" என்று கத்தினாள். வண்டியில் புனேக்காரர்கள். டேங்க் நிறைய டீசல். நெருப்பு அந்தப் பக்கமாகச் சாய்கிறது. என்னை நம்பி வந்த பயணிகளை நான் பார்க்க வேண்டாமா? ரிவர்ஸ் எடுத்துத் திருப்பி ரோட்டுக்கு வந்துவிட்டேன். அந்தக் குடும்பம் இன்றைக்கும் எனக்குப் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறது. கலியனின் அப்பா கட்டிலோடு போய்விட்டார்.

அப்புறம் போலீஸ், கேஸ். நொச்சிமேட்டில் யார் தீ வைத்தது என்று யாருக்குமே தெரியவில்லை. ஊர்க்கட்டுப்பாடு, ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. கலியனுக்கு மட்டும் ஆயுள் தண்டனை. அஞ்சப்பன்தான் சாட்சி. கூண்டில் ஏறி, "எஞ்சின் நின்னுபோச்சு, துணி காட்டினோம், வந்து அடிச்சான்" என்றான். அவ்வளவுதான். கலியன், "சண்டைக்குக் கூப்பிட்டாங்க, போனேன்" என்றான். நடுக்கடலில் எங்கேயடா கூப்பிட்டார்கள் என்று வக்கீல்கூடச் சிரித்தாராம். அவன் படகில் இருந்தவர்கள் அவன் தம்பியும் சித்தப்பாவும். அவர்கள் பேச்சு எடுபடவில்லை.

அதிலிருந்து நான் இதைச் சொல்லி வருகிறேன். ஒரு தடவை மெயின்ரோட்டு டீக்கடையில் ஒரு பார்ட்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். தண்ணீரையே அடித்துக்கொண்டிருந்தான் என்கிற இடம். பக்கத்து பெஞ்சில் நொச்சிமேட்டுப் பையன்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அவர்கள் தாழைக்குப்பத்துக்குப் போய்க் கலியனின் தம்பியைப் பிடித்து, கையைப் படகின் விளிம்பில் வைத்து விரல்களைத் துடுப்பால் அடித்து நொறுக்கினார்கள். அவனால் இப்போது டம்ளர்கூடப் பிடிக்க முடியாது. பாவம். இந்தக் கடற்கரை ஜனங்களுக்குக் கோபம் எங்கிருந்துதான் வருகிறதோ, எனக்கு விளங்கவே இல்லை.

சந்தேகம் எப்போது வந்தது என்கிறீர்களா? கோயம்புத்தூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்திருந்தார். அஞ்சப்பன் ஒரு உற்சாகத்தில், கலியன் முதல் தடவை மோத வந்தபோது தனவேல் படகை லாகவமாகத் திருப்பித் தப்பினான் என்று சொல்லிவிட்டான். மெக்கானிக், "எஞ்சின் நின்ன படகை எப்படிங்க திருப்புனாரு?" என்று கேட்டார். அஞ்சப்பன் அவரைப் பார்த்தான். "சார், வஞ்சிரம் இன்னொரு துண்டு வைக்கச் சொல்லட்டா?" என்றான்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. இது பொய்யா, இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், என் நாக்கு என்ன நாக்கு என்றெல்லாம் யோசித்தேன். நான் அப்படித்தான் சார், எதையும் மேலோட்டமாக விட மாட்டேன். மறுநாள் வண்டியில் சொல்லும்போது அந்தத் திருப்பித் தப்பிய இடத்தை எடுத்துவிட்டேன்.

பூரணி இப்போது தாழைக்குப்பம் திருப்பத்தில் கருவாடு விற்கிறாள். இதோ, இன்னும் கொஞ்ச தூரத்தில் வரும். மேல்முறையீடு நடக்கிறது. அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்.

"அண்ணே, நீங்க ரெண்டு ஊருக்கும் போறவரு. அந்தப் படகுல இருந்தவன் ஒருத்தன்தான் உசுரோட இருக்கான். சண்டைக்குக் கூப்பிட்டாங்களா இல்லையா, அத மட்டும் கேளுங்கண்ணே. கூப்பிட்டோம்னு அவன் ஒரு வார்த்தை சொன்னா எங்க வீட்டுக்காரரு வெளிய வந்துருவாரு. வக்கீல் சொல்றாரு."

"கேக்குறேம்மா" என்பேன். "சமயம் பார்த்துக் கேக்குறேன்." கண்ணாடியைத் தட்டினதைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசியதில்லை. நல்ல பெண்.

போன மாதம் நொச்சிமேட்டுப் பெண்கள் என் வண்டியைப் பேசிக்கொண்டு வடக்கே யாத்திரை கிளம்பினார்கள். திருப்பதி, அப்புறம் ஆந்திரா முழுக்க, அப்படியே பூரி வரைக்கும் என்று திட்டம். செங்கமலம் வந்தாள். துணைக்கு அஞ்சப்பனும் வந்தான். அவன் ஊரைத் தாண்டினதே கோர்ட்டுக்குத்தான். திருப்பதி மலையில் ஒவ்வொரு வளைவுக்கும் வாந்தி எடுத்தான். "ஏன்டா, அலையில ஆடுறப்ப வராதது இங்க வருதா?" என்று பெண்கள் கேலி செய்தார்கள். "கடலு நெளிஞ்சாலும் நேரா நெளியும்க்கா, இது என்ன கோணையா நெளியுது" என்றான். கோதாவரிப் பாலத்தில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னான். "இவ்வளவு நல்ல தண்ணியா" என்று சொல்லிக்கொண்டே வந்தான். புகையிலைக்கொல்லை, மிளகாய்க்களம், மலை என்று எல்லாவற்றையும் குழந்தை மாதிரி பார்த்தான். நாடு இவ்வளவு பெரிசு என்று தெரிந்திருந்தால் நாங்கள் அந்த ஒரு முகத்துவாரத்துக்கு அடித்துக்கொண்டிருக்க மாட்டோம் என்றுகூட ஒரு தடவை சொன்னான். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இதையும் கதையில் சேர்க்கலாம் என்று நினைத்தேன்.

விசாகப்பட்டினம் தாண்டி ஒரு மீனவர் ஊரில் டீ குடிக்க நிறுத்தினோம். கடலைக் கண்டதும் அஞ்சப்பன் இறங்கி மணலுக்குப் போய்விட்டான். பின்னாலேயே செங்கமலமும் போனாள். அலை உடைகிற இடத்துக்கு அப்பால் ஒரு படகு. அதில் ஒருவன் எழுந்து நின்று, சிவப்புத் துண்டைத் தலைக்கு மேல் சுற்றினான். கரையில் இருந்த ஆட்கள் சத்தம் போட்டுக்கொண்டு, கழியும் கயிறுமாகத் தண்ணீரைப் பார்த்து ஓடிவந்தார்கள்.

அஞ்சப்பன் கீழே கிடந்த ஒரு துடுப்பை எடுத்ததை நான் பார்த்தேன். எதற்கு என்று யோசிப்பதற்குள், முன்னால் ஓடிவந்தவனின் காதோடு சேர்த்து அடித்தான். அந்த ஆள் ஒரு சத்தமும் போடாமல் மணலில் முகம் புதைய விழுந்தான். அடுத்து வந்தவனுக்குத் தோளில். எலும்பு முறிகிற சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டது. "அக்கா, ஓடு! ஓடு!" என்று கத்தினான். அவன் முகத்தில் கோபமே இல்லை சார், வெறும் பயம்.

அப்புறம் அவர்கள் விடவில்லை. துடுப்பைப் பிடுங்கி அதாலேயே அடித்தார்கள். ஈரக்கயிற்றின் முடிச்சால் முகத்தில் அடித்தார்கள். விழுந்ததும் விலாவில் மிதித்தார்கள். ஓடிப்போய்த் தடுத்த எனக்கும் ஒரு குத்து, இதோ இந்தப் பல் அங்கேதான் போனது. செங்கமலம் அவன் மேல் குப்புற விழுந்து படுத்துக்கொண்டாள். அவள் முதுகிலும் விழுந்தது. அவள் அசையவில்லை.

அந்த ஊர்ப் பெரியவர்கள் வந்து விலக்கினார்கள். காசிமேட்டில் இருந்துவிட்டு வந்த ஒரு மீன் வியாபாரிக்குத் தமிழ் தெரிந்திருந்தது. அவர் அஞ்சப்பனின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, "ஏன்டா அடிச்சே? எங்க பசங்க உனக்கு என்ன பண்ணாங்க?" என்று கேட்டார்.

"அவன் சுத்துறான்ல! துணியச் சுத்துனா சண்டைக்குத்தான வர்றாங்க!" என்றான் அஞ்சப்பன். வாயெல்லாம் ரத்தமும் மணலும்.

"போடா பைத்தியக்காரா. எங்க ஊர்ல மீன் நெறைய பட்டா சுத்துவோம். இழுக்க ஆள் வாங்கன்னு அர்த்தம். உங்க ஊர்ல சுத்துனா சண்டையா?"

"சண்டைக்குத்தான் சுத்துவோம்."

"அப்போ எஞ்சின் நின்னா என்ன பண்ணுவீங்க?"

"துடுப்புல கட்டி நட்டு வைப்போம். அசைக்கவே மாட்டோம். அசைஞ்சா தப்பா..."

அங்கே நிறுத்திவிட்டான்.

அவன் மேல் படுத்திருந்த செங்கமலம் மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் கடலுக்குப் போவதில்லை சார், கடலில் எதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? ஊர் ஆண்கள் யாரும் டூரிஸ்டுகளோடு நின்று அவன் கதையைக் கேட்டதில்லை. அவர்களுக்குத் தெரிந்தது, துணி காட்டினோம் என்கிற ஒரு வார்த்தைதான். துண்டைச் சுற்றுவதைப் பார்த்தவர்கள் நானும், வந்து போன ஜனங்களும், அடுப்படியில் நின்ற அவளும்தான்.

"தம்பி, நீ படகுகிட்ட நின்னு சொல்றப்ப..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. அவனுடைய கையைப் பார்த்தாள். அப்புறம் தன் முந்தானையை அவன் தலைக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டு எழுந்து, தனியாக வண்டிக்கு நடந்தாள்.

யாத்திரை அதோடு சரி. அஞ்சப்பனிடம் அடிபட்ட இரண்டு பேருடைய வைத்தியம், ஊர்ப் பெரியவர்களிடம் மன்னிப்பு எல்லாம் முடித்துத் திரும்பினோம். அஞ்சப்பன் என் பக்கத்தில், இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற சீட்டில். தலையில் கட்டு, ஒரு கண் மூடிக் கிடந்தது. செங்கமலம் கடைசி சீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நெல்லூர் தாண்டினதும் அவனே பேசினான். "அண்ணே, அக்கா எனக்குத் தண்ணிகூடக் குடுக்க மாட்டேங்குது."

நான் என் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன்.

"மாமாதான் சுத்துனாருண்ணே" என்றான் கொஞ்ச நேரம் கழித்து. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, நான்தான். பயந்துட்டேன். கட்டணும்னு தோணல. இல்ல, நம்ம படகுங்க தெக்கால இருந்துச்சு, அதுங்கள வரச் சொல்லலாம்னு..." என்றான். அப்புறம் அடிபட்ட கண்ணைப் பொத்திக்கொண்டான். எது உண்மை என்று அவனுக்கே தெரியவில்லையோ என்று எனக்குத் தோன்றியது.

பூரணி ஞாபகத்துக்கு வந்தாள். உள்ளே கிடக்கிற கலியன், கட்டிலோடு போன பெரியவர், வலைக்குள் பெயர் சொல்லிக் கும்பிட்டவர், எல்லோரும் வந்தார்கள். சென்னை வரைக்கும் யோசித்துக்கொண்டே ஓட்டினேன். பூரணி கேட்கச் சொன்னதை அப்படியே முகத்துக்கு நேரே கேட்டால் உடைந்துபோய்விடுவான், அடிபட்ட மனிதன். அதனால் பக்குவமாக, அவன் மனசு நோகாதபடி கேட்க வேண்டும் என்று நினைத்தேன். சென்னையைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். இத்தனை வருடச் சந்தேகம், சார். அவனுடைய தோளில் கை வைத்துக் கேட்டேன்:

"அஞ்சப்பா, இனிமே பார்ட்டி வந்தா படகுகிட்ட நின்னு துண்டைச் சுத்திக் காட்டுவியா, இல்ல துடுப்புல கட்டிக் காட்டுவியாடா?"